எழுதினபடியே ஏற்றியவள்

டியோலிண்டா பெட்டென்கோர்ட்டைப் பற்றி எங்கள் சான் ஹோசே போர்ச்சுகீசிய மண்டபத்தில் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தனியாளாக ஒரு கம்பெனியையே கவிழ்த்த மகராசி என்று ஒரு பேச்சு. அறுநூறு வீட்டு அடுப்பில் தண்ணீர் ஊற்றிய பாதகத்தி என்று இன்னொரு பேச்சு. இப்படிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் அப்போது தொட்டிலில் கிடந்தவர்கள். நான் அங்கேயே நின்றவள். என் மகளுக்கு அவள்தான் ஞானத்தாய். அதனால் எனக்கு அவள் கொமாத்ரே, அவளுக்கு நான் கொமாத்ரே, எங்களில் அது சம்பந்தி முறையைவிடப் பெரிய உறவு. ஆகவே அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம்.

போர்ச்சுகீசியத் தீவான ஃபயாலில் பிறந்தவள். எரிமலை வெடித்து அவர்கள் வீடு கூரைவரை சாம்பலில் புதைந்தது. இருபது வயதில் அப்பாவோடு எங்கள் ஊருக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாளே பழ டப்பாத் தொழிற்சாலையில் பேரிக்காய் வெட்ட நின்றாள். நானும் அதே வரிசையில்தான். பதினைந்து வருஷம் எங்கள் விரல் நுனியில் தோல் என்று ஒன்று இருந்ததே இல்லை. பிறகு தோட்டங்களை வெட்டிச் சாய்த்தார்கள், அந்த இடத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் முளைத்தன. சன்னிவேலில் காலிடன் என்று ஒன்று, டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பெட்டி செய்தது. பேரிக்காய் வெட்டிய கை கம்பியும் பற்றவைக்கும் என்று எங்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்துக்கொண்டார்கள்.

நான் அசெம்ப்ளி வரிசையிலேயே நின்றுவிட்டேன். டியோலிண்டாவை ஆறே மாதத்தில் ஆர்டர் எடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். ஒரு நாள் அங்கே ஆள் வராமல் போன் அலறிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் போனவள் எடுத்துப் பேசிவிட்டாள். அவ்வளவுதான், அந்த நாற்காலி அவளுடையது. நாடு முழுக்க உள்ள பெரிய கடைகளுக்குக் கொள்முதல் செய்கிறவர்கள் அவள் குரலைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு எவ்வளவு செய்தாலும் எங்களால் போதுமான பெட்டி செய்ய முடியாது. ஆயிரம் கேட்டவனுக்கு ஐந்நூறுதான் போகும். அடுத்த வருஷம் அவன் இரண்டாயிரம் எழுதுவான், ஆயிரம் கிடைக்கட்டுமே என்று. எல்லாரும் அப்படித்தான். அதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. அவர்களும் எழுதுவார்கள், நாங்களும் வாங்கிக்கொள்வோம், எழுதியது கிடைக்காது என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆனால் உண்மையில் எவனுக்கு எவ்வளவு தேவை என்று தெரிந்தால்தானே தொழிற்சாலை ஓடும்? அது டியோலிண்டாவுக்குத்தான் தெரியும்.

ஒமாஹாவில் வெண்டெல் ஷ்ராடர் என்று ஒருவர், மத்திய மாநிலங்கள் முழுக்கக் கிளை வைத்த கடைக்குக் கொள்முதல் செய்பவர். அவரோடு அவள் பேசுவதை நான் எத்தனையோ தடவை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"வெண்டெல், நாலாயிரம்னு எழுதிருக்கீங்க. நெசமா எவ்ளோ?"

எதிர்ப்பக்கத்துக் குரல் போனைத் தாண்டி வெளியே கேட்கும். "என் பொண்டாட்டிகூட இப்படிக் குடையமாட்டா. சரி, ஆயிரத்தி எண்ணூறு."

"ஆயிரத்தி அறுநூறுன்னு வெச்சுக்கிறேன். போன வருஷம் இருநூறு உங்க கிடங்குல தூங்குச்சே."

"அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்?"

"பிப்ரவரி மாசம் பூரா நீங்க போனே பண்ணல. கூச்சம்."

அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆர்டர் தாளில் நாலாயிரம் பேனாவில் இருக்கும். பக்கத்தில் ஆயிரத்து அறுநூறு என்று பென்சிலில் இவள் போடுவாள். டல்லாஸிலிருந்து லாமர் டகெட் என்று ஒருவன், மதியச் சாப்பாட்டுக்கு முன் கேட்டால் இரண்டு மடங்கு, பின் கேட்டால் மூன்று மடங்கு. அதற்கும் இவளிடம் ஒரு கழிவு உண்டு. கம்பெனியை ஆரம்பித்தவர் பேனாவைப் பார்க்கவே மாட்டார், பென்சிலைப் பார்த்துத்தான் பெட்டி செய்யச் சொல்வார். ஆறு கிறிஸ்துமஸ் அப்படி ஓடியது. எங்கள் கிடங்கில் ஒரு வருஷம்கூட பொருள் தேங்கியதில்லை.

பிறகு அவர் கம்பெனியை நியூயார்க்காரர்களுக்கு விற்றுவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார். எண்பத்தொன்றாம் வருஷ ஆரம்பத்தில் அவர்கள் அனுப்பிய மார்க்கெட்டிங் துணைத்தலைவன் வந்து சேர்ந்தான். பெயர் கிராண்ட் ஹால்வர்சன். மினசோட்டாவில் காலை உணவுப் பொட்டலம் விற்றுப் பெயர் வாங்கியவன். நல்ல உயரம், பல் வரிசை, எவனைப் பார்த்தாலும் தோளில் கை. எங்களுக்கு எதிரி மெரிடாக் கம்பெனி. அவர்கள் அந்த மாதம்தான் ஒரு விளம்பரம் விட்டிருந்தார்கள்: இரண்டு டி.வி. பக்கத்தில் பக்கத்தில், ஒன்றில் எங்கள் விளையாட்டு, இன்னொன்றில் அவர்களுடையது, நடுவில் ஒரு கண்ணாடிக்காரர் நின்று "நீங்களே பாருங்களேன்" என்று மட்டும் சொல்வார். ஹால்வர்சன் அதைப் பார்த்துவிட்டுக் காப்பிக் கோப்பையைச் சுவரில் அடித்தானாம். மாடியில் ஓர் அறைக் கதவில் 'போர்முனை' என்று பலகை மாட்டினான். உள்ளே சுவர் நீளத்துக்கு ஆர்டர் கணக்கைக் காட்டும் ஒரு வரைகோடு. அது மேலே மட்டும்தான் போக வேண்டும்.

எங்கள் பள்ளத்தாக்கில் எல்லாக் கம்பெனியிலும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் பீர் உண்டு. லாரி ஏற்றுகிற மேடையில் பீப்பாய் வைப்பார்கள். மாடிக்காரர்கள், என்ஜினியர்கள், நாங்கள், எல்லாரும் காகிதக் கோப்பையோடு நிற்போம். மே மாதம் ஒரு வெள்ளி. ஹால்வர்சன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பெட்டி மேல் ஏறினான். கையில் ஆர்டர் தாள்.

"இதுல பென்சில்ல எழுதுனது யாருங்க?"

டியோலிண்டா கையைத் தூக்கினாள். பாராட்டத்தான் போகிறான் என்று நினைத்தாள், பாவி. கொஞ்சம் முன்னால்கூட நகர்ந்து நின்றாள்.

"நீங்களா! வாங்க வாங்க. மார்க்கெட்டிங் எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?"

"படிக்கல சார்."

"இதுக்கு முன்னாடி எங்க வேலை?"

"டப்பாத் தொழிற்சாலைல சார். பேரிக்கா."

"பேரிக்காய என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டா வெட்டுவோம் சார்."

ஹால்வர்சன் தாளை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தான். "பாருங்கப்பா! அந்தப் பழக்கம் இன்னும் போகல. நம்ம ஆர்டர் அத்தனையும் ரெண்டா வெட்டி வெச்சிருக்காங்க! மெரிடாக்காரன் நமக்கு எதுக்கு? இவங்க ஒருத்தங்க போதாதா?"

மேடையே அதிர்ந்தது. என்ஜினியர்கள் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. எங்கள் பெண்கள் சிரித்தார்கள். அதே பேரிக்காயை அதே கையால் வெட்டியவளுகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளுகள். நான் சிரிக்கவில்லை. இதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் நிறுத்தவில்லை. ஆர்டர் மேசையில் இனிமேல் பென்சிலே கூடாது என்றான். "பேனா மட்டும். கடைக்காரன் எழுதினபடியே கணக்குல ஏத்துங்க. ஒரு பூஜ்யம்கூட மாறக் கூடாது." ஒரு பையன் போய் அந்த மேசைப் பென்சில்களை எல்லாம் ஒரு கோப்பையில் அள்ளிக்கொண்டு வந்தான், அதற்கும் கைதட்டினார்கள். கடைசியில் ஹால்வர்சன் அவள் தோளில் கை போட்டான். "கடைக்காரங்கள இவ்ளோ தெரிஞ்சவங்க ஜூன்ல சிகாகோ கண்காட்சிக்கு வராம எப்படி? இவங்கள நான் கூட்டிட்டுப் போறேன்."

அவமானத்தைத் துடைக்கத்தான் அப்படிச் சொல்கிறான் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். சிகாகோவுக்கென்று ஒரு நீல உடுப்புத் தைத்துக்கொண்டாள். புருஷன் கில், பால் லாரி ஓட்டுகிறவன், விமான நிலையத்தில் இறக்கிவிட்டு எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தான்.

சிகாகோவில் நடந்ததை அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அந்த வருஷம் எங்கள் பெரிய விளையாட்டு, ரோட்டைக் கடக்கும் ஒரு கோழி. கண்காட்சியில் எங்கள் அரங்குக்கு முன்னால் மஞ்சள் இறகு வைத்த ஆளுயரக் கோழி உடுப்பில் ஒருவர் நின்று கையாட்ட வேண்டும். உடுப்பு சின்னது. குட்டையான ஆள் வேண்டும். ஹால்வர்சன் சுற்றிலும் பார்த்துவிட்டு இவளைக் காட்டி "இந்தம்மா சரியா இருப்பாங்க" என்றிருக்கிறான். பெயர்கூடச் சொல்லவில்லை. நாலு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், நாற்பத்திரண்டு வயதுப் பெண் அந்த உஷ்ணத்துக்குள் நின்றாள். நீல உடுப்பு ஓட்டல் அலமாரியில் தொங்கியது.

இரண்டாம் நாள் ஒரு பெரிய மனிதர் கோழியிடம் வந்து கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டிருக்கிறார். குரலைக் கேட்டதுமே இவளுக்குத் தெரிந்துவிட்டது. வாய் தவறி, "இடது பக்கம், வெண்டெல்" என்று சொல்லிவிட்டாள்.

அவர் குனிந்து கோழியின் அலகுக்குள் எட்டிப் பார்த்தார். "டியோலிண்டா? கடவுளே. உங்களப் போயா இதுக்குள்ள..." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அந்த இறக்கையைப் பிடித்துக் குலுக்கினாராம். பக்கத்தில் டல்லாஸ் லாமர் டகெட். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஏய், இங்க வாங்கப்பா! ஆர்டர் எடுக்கிற டியோலிண்டா கோழியா நிக்குது! எங்க, கொக்கரிச்சுக் காட்டு பாப்போம்!" என்று பத்துப் பேரைக் கூட்டிவிட்டான். ஆறு வருஷமாக அவளை அம்மா தாயே என்று போனில் கெஞ்சியவன்கள் அத்தனை பேரும் சுற்றி நின்று கொக்கரிக்கச் சொன்னான்கள்.

திரும்பி வந்த அன்று என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து இதைச் சொன்னாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன்.

"விட்டுட்டு வா கொமாத்ரே," என்றேன். "மெரிடாக்குல உன்னக் கண்ணுல ஒத்திக்குவான்."

"போகமாட்டேன்."

"பின்ன அந்த நாசமாப் போறவன் முன்னாடியே உக்காந்திருக்கப் போறியா?"

"ஆமா. அவன் சொன்னத அப்படியே செய்யப் போறேன். எழுதினபடியே ஏத்துவேன். அவன் கொட்டம் அடங்குறத என் கண்ணால பாக்காம நான் அந்த நாற்காலிய விடமாட்டேன்."

எனக்கு அது கோபப் பேச்சாகத்தான் பட்டது. எழுதினபடி ஏற்றுவதில் என்ன பழி இருக்கிறது என்று யோசிக்க எனக்கு அறிவு போதவில்லை.

அக்டோபரில் ஹால்வர்சன் நாட்டின் பெரிய கொள்முதல்காரர்கள் எல்லாரையும் சான் பிரான்சிஸ்கோ ஓட்டல் ஒன்றுக்கு அழைத்தான். இறால், மது, வாத்தியக்காரர்கள். சாப்பாடு முடிந்ததும் அறிவித்தான்: அடுத்த வருஷம் முழுவதுக்கும் தேவையானதை இப்போதே எழுதித்தர வேண்டும், ஒரே தாளில். இப்போது எழுதாதவனுக்கு அடுத்த கிறிஸ்துமஸில் வரிசையில் கடைசி இடம். அவன் கணக்கு என்னவென்றால், கடைத் தட்டுகள் எல்லாம் எங்கள் பெட்டியாலேயே நிறைந்துவிட்டால் மெரிடாக் பெட்டி வைக்க இடமே இருக்காது. மேலே இருந்தவர்கள் அதை மகா யுத்த தந்திரம் என்று பாராட்டினார்கள்.

காலிடன் எப்போதும் பாதிதான் அனுப்பும் என்பது கடைக்காரர்கள் ரத்தத்தில் ஊறியது. வருஷம் முழுக்க என்றால் பாதியில் பாதிதான் வரும் என்று பயந்து, எப்போதும் இரண்டு மடங்கு எழுதுகிறவன் நாலு மடங்கு எழுதினான். எழுதுவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் டியோலிண்டாவுக்குப் போன் செய்தார்கள்.

வெண்டெலுக்கு அவள் சொன்னது எனக்குத் தெரியும். "வெண்டெல், இந்தத் தடவ நெசமா வேணும்கிறத மட்டும் எழுதுங்க. ஒண்ணுகூடக் கூட்டாதீங்க. ஏன்னு கேக்காதீங்க."

லாமர் டகெட்டுக்குச் சொன்னதும் தெரியும். "மிஸ்டர் டகெட், உங்க இஷ்டம். நான் வெறும் கோழி. எனக்கென்ன தெரியும்?" அவன் சிரித்துக்கொண்டே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதினான்.

தாள்கள் வந்தன. ஒரு பூஜ்யம்கூட மாறாமல் பேனாவில் ஏற்றினாள். மாடியில் அந்த வரைகோடு கூரையை முட்டியது. ஹால்வர்சன் தச்சனைக் கூப்பிட்டுக் கூரையின் உட்பக்கத்திலும் அதை நீட்டி வரையச் சொன்னான். பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்துப் போனார்கள். தொழிற்சாலையில் இரண்டாவது ஷிஃப்ட் வந்தது, என்னை அதற்குத் தலைவியாக்கினார்கள். நான் சந்தோஷப்பட்டேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அடுத்த வருஷம் மே மாதம் பெட்டி வைக்க இடமில்லை. சொந்தக் கிடங்கு நிறைந்து, வாடகைக் கிடங்கு நிறைந்து, நாங்கள் பேரிக்காய் வெட்டிய பழைய டப்பாத் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்தார்கள். கடைகளுக்குப் போன பெட்டிகளும் அங்கே பின்கட்டில் அடுக்கிக் கிடப்பதாக லாரி ஓட்டுநர்கள் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்டோபர் தாளில் இருந்ததை எல்லாம் நாங்கள் உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறோம்! உலகத்தில் எவனும் வாங்காத பெட்டிகளை நானே நின்று விரட்டி விரட்டிச் செய்யவைக்கிறேன்.

ஒரு நாள் ஹால்வர்சன் வரிசையைப் பார்வையிட வந்தபோது வழியை மறித்துச் சொன்னேன். "சார், இதுல பாதி விக்காது."

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். ஆனால் முகத்தில் முந்தைய வருஷத்துப் பளபளப்பு இல்லை. நியூயார்க்கிலிருந்து கேள்வி வர ஆரம்பித்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. "எந்தக் கடைல எவ்ளோ விக்காது? கடை கடையா நம்பர் இருக்கா உங்ககிட்ட? இருந்தா கொண்டு வாங்க, நாளைக்கே ரெண்டாவது ஷிஃப்ட நிறுத்துறேன். சும்மா வாயால சொன்னா நான் என்ன பண்றது?"

அந்த நம்பர் பூமியில் ஒரே ஒரு தலைக்குள்தான் இருந்தது. பெயரைச் சொன்னால் அவளை எப்படிக் கேலி செய்வானோ என்று நான் சொல்லாமல் வந்துவிட்டேன். அவளிடம் நானே கேட்டு வாங்குவது என்று முடிவு செய்தேன். இரண்டாவது ஷிஃப்ட் போனால் பாதிப் பேர் வீட்டுக்குப் போவார்கள், ஆனால் கம்பெனி நிற்கும், மிச்சப் பேர் பிழைப்பார்கள். விட்டால் எல்லாரும் தெருவில்தான்.

பரிசுத்த ஆவித் திருவிழா அந்த ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துச் சமையலறையில் மாட்டிறைச்சி அண்டா அண்டாவாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஆறு பேர் சோப்பாஷுக்கு, ரொட்டிமேல் இறைச்சிச் சாறு ஊற்றும் திருவிழாச் சாப்பாட்டுக்கு, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தோம். புதினாவை ஆய்ந்தபடி டியோலிண்டா என் பக்கத்தில் நின்றாள்.

"கொமாத்ரே, ஒரு பேப்பர் வேணும். கடை கடையா நெசமான நம்பர். நீ எழுதிக் குடு, நான் கொண்டு போறேன். உன் பேரு வெளிய வராது."

"பேனாலயா, பென்சில்லயா?"

"வெளையாடாத. அவன் நிறுத்துறேன்னு சொல்லிட்டான். வாயத் திறந்து சொல்லிட்டான்."

"அப்ப பயந்துட்டான்." அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னும் ஆறு மாசம் விட்டா ஆளே இருக்கமாட்டான். இப்ப நான் எழுதிக் குடுத்து அவனக் காப்பாத்தணுமா?"

"அடிப்பாவி, அவனோட நாங்களும் போறோம்டி! அறுநூறு பொம்பளைங்க!"

"அறுநூறு பொம்பளைங்களும் சிரிச்சாளுங்க."

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"நான் சிரிக்கல."

"இல்ல," என்றாள் டியோலிண்டா. குரலை உயர்த்தவே இல்லை. "நீ சிரிக்கல. காலடியில என்னமோ விழுந்தா மாதிரி குனிஞ்சுக்கிட்ட. நான் உன்னத்தான் பாத்துட்டு நின்னேன், கொமாத்ரே. 'போதும் சார்'னு ஒரு வார்த்த. அத நீ சொல்லிருந்தா அன்னைக்கே எனக்கு ஆறிருக்கும். கோழியாகூட நின்னிருப்பேன்."

அவள் சொன்னது உண்மை. நான் குனிந்தேன். குனிந்து காகிதக் கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையாக இருந்ததால்தான் எனக்கு அவள்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "நீ நல்லாவே இருக்கமாட்ட," என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு வந்துவிட்டேன். திருவிழாச் சாப்பாட்டை நான் சாப்பிடாத ஒரே வருஷம் அது.

சமையலறையில் இருந்த நாலு பேர் போதாதா? செவ்வாய்க்கிழமைக்குள் ஷிஃப்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருத்தி மாற்றி ஒருத்தி அவள் வீட்டுக்குப் போனார்கள். சிலர் கெஞ்சினார்கள், சிலர் திட்டினார்கள், ஒருத்தி ஜன்னலில் தக்காளி வீசினாள். டியோலிண்டா எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாளே தவிர ஒரு எண் வாயிலிருந்து வரவில்லை. சூப்பர்வைசர் ஒருவர் மாடிக்குப் போய் அவள்மேல் புகார் சொல்லிப் பார்த்தார். ஆர்டர் தாள்களை எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் பேனாவில், ஒரு பிழை இல்லை. புகார் சொன்னவருக்குத்தான் திட்டு விழுந்தது.

கிறிஸ்துமஸ் வந்தது. மெரிடாக் பெட்டிக்கு இடமில்லாமல் செய்யவேண்டிய எங்கள் பெட்டிகள் கடைகளில் மலையாகக் கிடந்தன. ஜனங்கள் அந்த மலையைப் பார்த்தே இது விலைபோகாத சரக்கு என்று முடிவு கட்டிவிட்டார்கள். மலையைச் சுற்றிப் போய் மெரிடாக்கை வாங்கினார்கள். டிசம்பர் கடைசியில் லாரிகள் திரும்பி வர ஆரம்பித்தன. போன லாரியைவிட வந்த லாரி அதிகமோ என்று இருந்தது. டல்லாஸில் லாமர் டகெட்டை வேலையைவிட்டுத் தூக்கினார்கள். வணிகப் பத்திரிகையில் இரண்டு வரி வந்ததை டியோலிண்டா வெட்டி ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டினாள் என்று கில் சொன்னான். வெண்டெல் ஷ்ராடர் அவளுக்கு ஒரு முழுப் பன்றித்தொடை அனுப்பிவைத்தார். முதல் லாரி திரும்பி வந்த அன்றைக்கே அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நடந்தாள்.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமையிலிருந்து எங்கள் வாசலுக்கு எதிரே அவளுடைய பழுப்புக் கார் நின்றது. காலையில் வருவாள், காரிலேயே சாண்ட்விச் தின்பாள், சாயந்திரம் போவாள். ஹால்வர்சன் வெளியே போவதைப் பார்க்கத்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவளைத் தாண்டித்தான் நாங்கள் வேலைக்குப் போனோம். யாரும் அவளோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு எங்களைக் கேன்டீனில் கூட்டினார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த ஒருவர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார், ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாசலில் அட்டைப் பெட்டிகள் அடுக்கி வைத்திருந்தார்கள், ஆளுக்கொன்று. என் சாமான் எல்லாம் சேர்ந்து பெட்டியில் பாதிகூட நிறையவில்லை. பெண்களில் நான்தான் முதலில் வெளியே வந்தேன்.

ஹால்வர்சனுக்கும் வேலை போனது அன்றைக்குத்தான். அவன் எனக்கு முன்னாலேயே வந்து காரில் ஏறிவிட்டான். வெளியேறும் வழியில் டியோலிண்டாவின் கார் குறுக்கே நின்றது. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தாள். அவன் இரண்டு தடவை ஒலி எழுப்பினான். பிறகு இறங்கி அவள் ஜன்னலுக்குப் போனான். நான் பெட்டியோடு பத்தடி தள்ளி நின்றேன்.

அவள் கண்ணாடியை இறக்கினாள். அன்றைக்கு அந்த நீல உடுப்பைப் போட்டிருந்தாள்.

"மேடம், கார கொஞ்சம் நகத்துறீங்களா? இன்னைக்கு எனக்கு நாளே சரியில்ல."

"மிஸ்டர் ஹால்வர்சன்." ஒன்றரை வருஷம் அவள் வாய்க்குள்ளேயே வைத்து மென்றுகொண்டிருந்த வார்த்தைகள், எனக்குத் தெரியாதா? "நீங்க சொன்னபடியே செஞ்சேன். எழுதினபடியே ஏத்தினேன். ஒரு பூஜ்யம்கூட மாத்தல."

அவன் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. பஸ் நிலையத்தில் தானாகப் பேசிக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரிப்போமே, அப்படிச் சிரித்தான்.

"ரொம்ப நல்லதுங்க மேடம். கார் மட்டும் கொஞ்சம் பின்னால..."

டியோலிண்டா சாவியைத் திருப்பி காரைப் பின்னால் எடுத்தாள். அவனுக்கு வழிவிட்டாள்! அவன் கையை ஆட்டி நன்றி சொல்லிவிட்டு அவளைத் தாண்டி ரோட்டில் ஏறிப் போனான்.

நான் ஜன்னலருகே போனேன். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"அவனுக்கு நான் யாருன்னே தெரியல, கொமாத்ரே."

ஒன்பது மாதத்தில் என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. நான் பெட்டியை இடுப்பில் மாற்றிக்கொண்டு பின்பக்கம் கையைக் காட்டினேன். கேன்டீன் கதவிலிருந்து பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு பெட்டியோடு. முன்னால் வந்தவர்கள் காரைப் பார்த்ததும் நின்றார்கள், பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

"எங்களுக்குத் தெரியும்," என்றேன். "அறுநூறு பேருக்கும் நல்லாத் தெரியும்."

அவள் மனம் நோக வேண்டும் என்றுதான் சொன்னேன். நொந்தது, அதையும் நின்று பார்த்தேன்.